அலீம் எழுதிய கிணறு

வாடிப்பட்டிக்கு வடக்கே, பெரியாறு கால்வாயின் மேட்டுப்புறத்தில், சிவனாண்டிக்கு மூன்று குறுக்கம் புஞ்சை இருந்தது. கால்வாய்க்குப் பள்ளப்புறத்தில் நிலம் வைத்திருந்தவர்கள் வருசத்துக்கு இரண்டு போகம் நெல் அறுத்தார்கள். மேட்டுப்புறத்துக்காரர்கள் சிறுமலைப் பக்கம் மேகம் கூடுகிறதா என்று அண்ணாந்து பார்த்தபடி, சோளமோ கடலையோ வந்தவரைக்கும் வரட்டும் என்று காலத்தை ஓட்டினார்கள். சிவனாண்டியின் அப்பா அப்படித்தான் இருந்து செத்தார். மகனுக்கு அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அவன் மதுரையில் நாலாவது பாரம் வரைக்கும் படித்தவன். அப்பா செத்ததும் ஊருக்கு வந்து ஏரைப் பிடித்தான். அச்சில் எதைக் கண்டாலும் நின்று வாசிக்கிற பழக்கமும், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த அப்துல் அலீமின் சிநேகிதமும் மட்டும் அவனோடு ஊருக்கு வந்தன. அலீமின் அத்தாவுக்குத் தெற்குமாசி வீதிக்குப் பின்னால் குடைக் கடை. அலீம் கடையில் உட்கார்ந்துகொண்டே பாட்டு எழுதுவான். எழுதியதைப் பத்திரிகைகளுக்கு அனுப்புவான். பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

சிவனாண்டி தாய்மாமன் மகள் முத்துத்தாயைக் கட்டிக்கொண்ட மறுவருசம், 1931 சித்திரையில், புஞ்சையின் கிழக்கு மூலையில் கிணறு வெட்ட ஆரம்பித்தான். முதல் இரண்டு ஆள் ஆழத்துக்கு மண்ணும் சுக்காங்கல்லுமாக வந்தது. வெட்ட வந்தவர்கள் சிரித்துக்கொண்டே வெட்டினார்கள். அதற்குக் கீழே கருங்கல் தலைகாட்டியது. வெடி வைத்துப் பார்த்தார்கள். கல் சில்லுச் சில்லாகப் பெயர்ந்ததே தவிர, ஈரம் என்று சொல்ல ஒரு கசிவுகூட இல்லை. கொத்துக்காரன் பேச்சிமுத்து கையை உதறிவிட்டு மேலே ஏறினான்.

"அண்ணே, இது ஒத்தைப் பாறை. கீழ எம்புட்டு இருக்குன்னு சாமிக்குத்தான் தெரியும். எடத்த மாத்திப் பாருங்க."

சிவனாண்டி இடத்தை மாற்றவில்லை. ஆட்கள் போன பிறகு தானே இறங்கினான். அவன் கீழே உளி பிடிக்க, முத்துத்தாய் மேலே நின்று கூடையை இழுத்துக் கல்லைக் கொட்டினாள்.

அந்த முதல் கோடையில் அலீம் வந்து தங்கினான். மழைக்காலம் முடிந்தால் குடைக் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். புங்க மரத்தடியில் உட்கார்ந்து, வெட்டுகிறவனையும் கூடை இழுக்கிறவளையும் பார்த்துக்கொண்டிருப்பான். முத்துத்தாய் அவனை "அலீம் அண்ணே" என்பாள். கம்பங்கூழில் மோரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, கிணற்று விளிம்பில் குனிந்து கீழே சத்தம் போடுவாள்.

"சாப்புட்டுட்டு வெட்டுங்க மச்சான். பாறை எங்கயும் ஓடிப் போயிறாது!"

கீழேயிருந்து சிவனாண்டி சிரிக்கிற சத்தம் கிணற்றுக்குள் சுற்றிச் சுற்றி வரும். அலீமும் சிரிப்பான்.

அடுத்த கோடையில் அந்தச் சிரிப்பு இல்லை. அதற்கடுத்த கோடையில் பேச்சும் குறைந்துபோயிற்று. சிவனாண்டி வீட்டுக்கு வந்தால் பாறையைப் பற்றிப் பேசினான். இல்லாவிட்டால் பேசாமல் இருந்தான். சாப்பிடும்போதே கை சோற்றில் நின்றுவிடும். கிழக்குச் சுவரில் ஒரு வெடிப்பு தெரிகிறது, அதன் வழியாக ஊற்று வரலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பான். முத்துத்தாய் தலைக்கு எண்ணெய் வைத்தாளா, அம்மா வீட்டுத் திருவிழாவுக்குப் போக ஆசைப்பட்டாளா, ஒன்றும் அவனுக்குத் தெரியாது. அவள் சொல்லாமல் இல்லை. சொன்னது எதுவும் அவன் காதில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

1934 ஆடியில் ஒருநாள் மேலேயிருந்து அவள் கூப்பிட்டாள். "வாரேன், நீ போ" என்று நிமிராமலே சொன்னான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டாள். அதற்கும் அதே பதில்தான். பொழுது சாய்ந்து ஏறி வந்தபோது கூடையும் கயிறும் விளிம்பில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. வீட்டில் அடுப்பு ஆறிக் கிடந்தது. அவள் அண்ணன் வந்து அழைத்துப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டு ஒச்சாயி சொன்னாள்.

"ஒருவாட்டி மேல வந்து எட்டிப் பாத்திருந்தா என்னப்பா?" என்றாள்.

சிவனாண்டி போய் அழைத்தான். அவள் வரவில்லை. கோபமாகக்கூடப் பேசவில்லை. "எனக்கு முடியலை" என்று மட்டும் சொன்னாள். பெரியவர்கள் கூடினார்கள். வழக்கப்படி துரும்பைக் கிள்ளிக் கொடுத்து இருவருக்கும் இருந்த உறவை அத்துவிட்டார்கள். மறுவருசம் கப்பலூரில் கருத்தக்கண்ணன் என்ற வண்டிக்காரனுக்கு அவளைக் கட்டிக் கொடுத்ததாகச் செய்தி வந்தது. சிவனாண்டி அதற்குப் பிறகு கிணற்றில் இறங்கவில்லை. எட்டு ஆள் ஆழத்தில் உளி போட்ட இடத்திலேயே கிடந்தது.

அதே வருசம் அலீமின் பாட்டு ஒரு மாதப் பத்திரிகையில் வந்தது. பஸ் ஏறி வந்து, சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். சின்னப் பாட்டு. நாலே விருத்தம். கடைசி விருத்தம் இப்படி இருந்தது:

ஆறடி தள்ளி ஓடும் அடுத்தவர் கால்வாய் வெள்ளம்;
பாறையைத் தட்டித் தட்டிப் பகலெலாம் தேய்ந்தான் ஏழை;
ஊறிய தென்ன என்றால் உழைத்தவன் வியர்வை ஒன்றே;
வேறொரு துளியும் இல்லை. வெறுங்கிண றாகி நின்றான்.

சிவனாண்டி இரண்டு தடவை வாசித்தான்.

"கால்வாய் அரை மைலு தள்ளில்ல ஓடுது? ஆறடின்னு போட்டிருக்க."

"எதுகைக்குடா மாப்ள. பாறைன்னு வருதுல்ல."

"ம்." சிவனாண்டி மறுபடி வாசித்தான். "நல்லா இருக்கு. உள்ளத உள்ளபடிதான் சொல்லியிருக்க."

அலீமுக்கு அது போதும். தன் பாட்டை ஒருவன் மெய் என்று சொல்லிவிட்டதில் முகமெல்லாம் மலர்ந்து, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். அவன் போன பிறகு சிவனாண்டி அந்தத் தாளை மடித்து அரிசிப் பானை மூடிக்குக் கீழே வைத்தான். மறுபடி எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. வெறுங்கிணறு என்று ஒருத்தன் எழுதிக் காட்டினால்தான் தெரிய வேண்டுமா? அது தினமும் தெரிகிற விஷயம்தான்.

பிறகு ஏழெட்டு வருசம் போனதில் சொல்ல ஒன்றும் இல்லை. விதைத்தான், அறுத்தான், தானே பொங்கித் தின்றான். இரண்டாந்தாரமாகப் பெண் பார்க்கலாம் என்று உறவுக்காரர்கள் வந்து பேசியபோது, பார்ப்போம் என்றான். பார்ப்போம் பார்ப்போம் என்றே அவர்கள் வருவதும் நின்றுபோயிற்று. ஒருநாள் முழுக்க யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் படுத்த நாட்கள் உண்டு. மாட்டை அதட்டும்போது தன் குரலைக் கேட்டு அவனே திடுக்கிடுவான்.

சண்டைக் காலம் வந்தது. 1943 கடைசியில் அலீம் ஒரு புத்தகத்தோடு வந்து இறங்கினான். காகிதத் தட்டுப்பாட்டில் பழுப்புத் தாளில் அடித்த நாவல். 'கங்கை வந்த கிணறு' என்று பெயர்.

"ஒன் கதைதான் மாப்ள. பேரை மட்டும் செங்கோடன்னு மாத்திட்டேன். கோவிச்சுக்கிறாத."

சிவனாண்டி அன்றைக்கே வாசிக்க உட்கார்ந்தான். மேட்டுப்புறம், பாறை, வெடி, கொத்துக்காரன் கையை உதறுவது, எல்லாம் இருந்தன. ஆனால் செங்கோடன் பாறையை வென்றான். கடைசி அத்தியாயத்தில் உளி விழுந்த இடத்திலிருந்து தண்ணீர் பீறிட்டு முழங்கால் அளவு ஏறியது. ஊரே கூடிக் குலவை போட்டது. செங்கோடனின் பெண்டாட்டி இடுப்பில் பிள்ளையோடு படியிறங்கி வந்து முகம் கழுவினாள்.

அவள் பெயர் முத்துத்தாய்.

முப்பத்தேழாம் பக்கத்தில் அவள் கிணற்று விளிம்பில் குனிந்து, "சாப்புட்டுட்டு வெட்டுங்க மச்சான். பாறை எங்கயும் ஓடிப் போயிறாது!" என்று சத்தம் போட்டாள்.

சிவனாண்டி அந்த இடத்தில் புத்தகத்தை வைத்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் வந்து அதே பக்கத்தை மறுபடி வாசித்தான்.

அலீம் அடுத்த மாதம் வந்தபோது அதைப் பற்றித்தான் முதலில் கேட்டான். இருவரும் களத்தில் கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"வாசிச்சியா?"

"வாசிச்சேன்."

"தண்ணி வர்ற மாதிரி நான் எழுதலைடா மாப்ள. மொதல்ல பாட்டுல உள்ள மாதிரிதான் முடிச்சிருந்தேன். பதிப்பாளரு ஒத்துக்கல. சண்டைக் காலத்துல சனங்க ஏற்கனவே அழுதுக்கிட்டு இருக்காங்க, அழுகுற கதைய எவன் வாங்குவான்னாரு. மாத்திக் குடுத்தேன்." ஒரு கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டான். "நீ சொல்லு. பாட்டா, கதையா? எது ஒசத்தி?"

சிவனாண்டி யோசித்துப் பதில் சொன்னான். "பாட்டு நெசம். கதை பொய்."

"அதான் நானும் சொல்றேன். பாட்டுதான்..."

"ஆனா பாட்ட எடுத்துப் பாக்குறதில்ல. கதையத்தான் தெனம் வாசிக்கிறேன்."

அலீம் உடைக்கிறதை நிறுத்தினான். "தண்ணி வந்துட்டதாலயா?"

"தண்ணி கெடக்குது, அத விடு. அந்தக் கடைசி அத்தியாயத்த நான் ரெண்டாவது தடவ வாசிக்கவே இல்ல." சிவனாண்டி தோலை ஊதித் தள்ளினான். "பாட்டுல அவ எங்கடா?"

"யாரு?"

"நாலு விருத்தம் எழுதியிருக்க. பாறை இருக்கு, கால்வாய் இருக்கு, என் வியர்வை இருக்கு. மேல நின்னு கூடை இழுத்தவ ஒரு வரியில இல்ல."

அலீம் சங்கடத்தோடு சொன்னான்: "அது தண்ணிக்கு ஆசப்பட்டவன் பாட்டு மாப்ள. ஒன் கனவு ஒடஞ்சதப் பத்தினது. அதுல பொம்பளையக் கொண்டாந்தா அது வேற பாட்டாயிரும்."

சிவனாண்டி அடுத்த கடலையை எடுத்து உடைத்தான். எல்லாரும் அவன் ஆசைப்பட்டது தண்ணீருக்கு என்றுதான் நினைத்தார்கள். அவனும் மூன்று வருசம் அப்படித்தான் நினைத்துக் கல்லை உடைத்தான். ஒரு வீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருப்பதற்காகத்தான் அந்தத் தண்ணீர் வேண்டியிருந்தது என்று எட்டு ஆள் ஆழத்தில் இருக்கும்போது மறந்துபோனது. அலீம் அவள் பேச்சைக் கற்பனையாக எழுதவில்லை; அந்தக் கோடையில் புங்க மரத்தடியில் காதில் விழுந்ததை நாவலில் போட்டிருந்தான். முடிவே பொய்யாக இருந்த அந்தப் புத்தகத்தில் அவள் குரல் மட்டும் அப்படியே இருந்தது.

அன்றிலிருந்து சாயங்காலம் சோறு ஆக்கி இறக்கியதும் முப்பத்தேழாம் பக்கத்தை வாசித்துவிட்டுச் சாப்பிடுவது அவனுக்கு வழக்கமாகிவிட்டது. யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். பார்க்க யாரும் வரவில்லை.

அடுத்த பங்குனியில் திருப்பரங்குன்றம் தேருக்குப் போனான். கிரிவீதியெல்லாம் தலையாக இருந்தது. தேர் நகர்ந்ததும் கூட்டம் அதன் பின்னால் ஒழுகிப் போக, வளையல் கடைகளுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டது. அங்கே நாலு வயசுப் பெண்பிள்ளையின் கையைப் பிடித்து வளையல் அளவு பார்த்துக்கொண்டிருந்தாள் முத்துத்தாய்.

கொஞ்சம் பருத்திருந்தாள். காதோரம் ஒன்றிரண்டு நரை. அவன் ஒதுங்கிப் போய்விடத்தான் நினைத்தான். அதற்குள் அவள் நிமிர்ந்துவிட்டாள்.

"நல்லாருக்கீகளா?" என்றாள்.

"இருக்கேன். நீ?"

"இருக்கேன். இது எம்மக. மூத்தது ரெண்டும் தேரு பின்னாலயே போயிருச்சு. அவுக வண்டிய அவுத்துக் கட்டப் போயிருக்காக."

வளையல்காரர் விலை சொன்னார். அவள் காதில் அது விழவில்லை. சிவனாண்டியின் முகத்தையே பார்த்தபடி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அலீம் அண்ணே ஒரு புத்தகம் போட்டிருக்காகளாமே. எங்க ஊர் வாத்தியாரு பொழுதுசாய மந்தைத் திடல்ல உக்காந்து வாசிச்சாரு. வாடிப்பட்டின்னாரு, கெணறுன்னாரு, எம்பேரச் சொன்னாரு. அதுல தண்ணி வந்துருச்சாம்ல." அவள் நிறுத்தி, மகளின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "நெசமாவே வந்துருச்சா மச்சான்?"

அந்த வார்த்தை அவள் அறியாமல் வாயில் வந்துவிட்டது. சொன்னதும் கீழே பார்த்தாள்.

ஒரு 'ஆமா' போதும். பத்து வருசமாக யாரிடமாவது சொல்ல ஆசைப்பட்ட 'ஆமா'. யாரிடமாவது என்ன, இவளிடம்தான். சிவனாண்டிக்கு அது நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தான். அவள் சந்தோசப்படக் காத்திருக்கவில்லை. இரண்டு மூன்று மாதமாக ஒரு கல்லை மடியில் கட்டிக்கொண்டு திரிகிறவள் மாதிரி நின்றாள். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருந்தால் நாமும் அந்தப் படியில் இறங்கி முகம் கழுவியிருப்போமோ என்று தினமும் கேட்டுக்கொண்டிருக்கிற முகம் அது.

"வரலை" என்றான் சிவனாண்டி.

"வரலையா?"

"ஒரு சொட்டு வரலை. பேச்சிமுத்து சொன்ன மாதிரி அது ஒத்தைப் பாறை. அலீம் விக்கிறதுக்காக அப்படிப் போட்டிருக்கான். அதுக்கு முந்தி ஒரு பாட்டு எழுதியிருக்கான், அதுல உள்ளதுதான் நெசம். அதுல கெணறு வெறுங்கெணறுதான்."

அவள் மகளின் கையை இறுக்கியிருந்த பிடியைத் தளர்த்தினாள்.

"அந்தப் பாட்டுல நான் இருக்கேனா?"

"இல்ல. நீ அதுல இல்ல." பிறகு, அவள் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாதே என்று சேர்த்துச் சொன்னான்: "நீ போனதுதான் சரி புள்ள. இருந்திருந்தா நீயும் கல்லு சுமந்தே செத்திருப்ப."

முத்துத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வெயிலுக்குத் துடைப்பது மாதிரிதான் இருந்தது. துடைத்து முடித்தபோது அந்த முகம் இளகியிருந்தது. வளையல்காரரிடம் திரும்பி, "என்ன வெல சொன்னீக?" என்று கேட்டாள்.

கருத்தக்கண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். நல்ல உயரம், சிரித்த முகம். யார் என்று அவள் சொன்னதும் ஒரு கணம் தயங்கிவிட்டு, கும்பிட்டான். "வாங்கண்ணே, வெயிலு கொளுத்துது. பானகம் குடிப்பம்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனான். தண்ணீர்ப் பந்தலில் நான்கு பேரும் நின்று குடித்தார்கள். சோளம் எப்படி, மாட்டுக்குக் கோமாரி வந்ததா என்று கருத்தக்கண்ணன் கேட்டான். சிவனாண்டி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். அந்த வருசத்தில் அவன் ஒருசேர அவ்வளவு பேசியது அங்கேதான். பிறகு அவர்கள் பிள்ளைகளைத் தேடிப் போனார்கள். அந்தச் சின்னப் பெண் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

திரும்பும் வழியில் மதுரையில் இறங்கிக் குடைக் கடைக்குப் போனான். அலீம் எழுந்து வந்து கட்டிக்கொண்டான்.

"நல்ல நேரத்துல வந்த மாப்ள! அம்புட்டும் வித்துப்போச்சு. ரெண்டாவது தடவ அச்சடிக்கப் போறாக. ஏதாவது மாத்தணும்னா சொல்லு."

"அவ பேர மாத்திரு."

அலீம் விழித்தான். "கெணத்துல தண்ணி வர்றத மாத்தச் சொல்லுவன்னு நெனச்சேன். அவ பேரையா? பாட்டுல அவ இல்லன்னு என்னோட சண்டை போட்டவனே நீதானடா."

"அவ ஊர் மந்தையில வச்சு வாசிக்கிறாங்க. புருசன் இருக்கான், புள்ளைங்க இருக்கு. அவன் நல்லவன். நாளைக்கு எவனாவது ஒருத்தன் கேலியா ஒரு வார்த்த பேசிட்டா?"

"வேற என்ன பேரு வைக்க?"

"எதையாவது வையி."

அலீம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். தேநீர் வரவழைத்தான். கரி அடுப்பு வைத்து ஓடுகிற அந்தக் காலத்து பஸ் எப்போது புறப்படும் என்று யாருக்கும் தெரியாததால், வெயிலுக்கு ஒரு நல்ல குடையையும் கையில் கொடுத்துப் பஸ் நிலையம் வரைக்கும் கூட வந்தான்.

புதுப் பதிப்பு ஐப்பசியில் வந்தது. அலீம் தபாலில் அனுப்பியிருந்தான். சிவனாண்டி பழைய புத்தகத்தை எடுத்து அடுப்பில் வைத்தான். ஊருக்கெல்லாம் அவள் பெயரை மாற்றச் சொல்லிவிட்டு, அந்தப் பெயர் உள்ள ஒன்றைத் தன்னிடம் மட்டும் ஒளித்து வைத்திருப்பது அவனுக்குச் சரியாகப் படவில்லை. பழுப்புத் தாள் சீக்கிரம் எரிந்தது. அந்த நெருப்பிலேயே உலை வைத்தான்.

சோறு வெந்ததும் புதுப் புத்தகத்தில் முப்பத்தேழாம் பக்கத்தைத் திருப்பினான். இப்போது கிணற்று விளிம்பில் செல்லக்கிளி என்று ஒருத்தி குனிந்து நின்றாள். பேச்சு அதேதான், ஒரு எழுத்து மாறவில்லை. இரண்டு தடவை வாசித்தான். யாரோ அக்கம்பக்கத்து வீட்டுப் பெண், யாரோ ஒரு புருசனைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, சோறு ஆறுவதற்குள் உட்கார்ந்து சாப்பிட்டான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் ஈரம் காய்வதற்குள் கொத்தமல்லி விதைத்தாக வேண்டும். ஒச்சாயி வீட்டில் ஒரு ஏர் மாடு இரவல் கிடைக்குமா என்று கேட்க, அவன் குடையை விரித்துக்கொண்டு இறங்கி நடந்தான்.